ஆம்பளைக்கு வயசு கேட்டவள்

செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்துகொண்டு புனலூருக்குப் போன பழைய சின்ன ரயிலை நிறுத்தினார்களே, அதற்கு முந்தின சீசனில்தான் இது நடந்தது. வருஷக் கணக்கு எனக்கு நிற்காது. ரயில் நின்றது மட்டும் மறக்காது, ஏனென்றால் அந்த ரயிலில்தான் அவள் பழம் கொண்டுவருவாள். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏற்றி, செங்கோட்டையில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் குற்றாலம். துரியன் பழத்தைப் பஸ்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். வாடை அப்படி. ஈரச் சாக்கை மூன்று சுற்று சுற்றி, மேலே கொய்யாப்பழத்தைப் பரப்பி, கண்டக்டரை ஏமாற்றித்தான் கொண்டுவருவாள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் எதைச் சொன்னாலும் பாதிக்கு மேல் நம்புவதில்லை என்று வைத்திருந்தேன்.

அவள் பேர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கேட்டால், "பழத்துக்குப் பேரு இருக்குல்லா, அது போதும்" என்பாள். துரியன்காரி என்றுதான் எல்லோரும் சொல்வோம். அப்போது நாற்பது வயதுக்குள் இருப்பாள். கட்டையான உடம்பு, கையில் எப்போதும் ஒரு சிறிய அரிவாள். மெயின் ஃபால்ஸுக்குப் போகிற வழியில் நீலத் தார்ப்பாய் கட்டி, மங்குஸ்தான், ரம்புட்டான், சாதிக்காய் எல்லாம் முன்னால் பரப்பியிருப்பாள். துரியன் மட்டும் காலுக்கு அடியில், சாக்குக்குள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையில்லாதவர்கள் அந்த முள்பழத்தைத் தேடிக்கொண்டு குற்றாலத்துக்கு வருவார்கள். மதுரையிலிருந்து, தூத்துக்குடியிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ. புருஷன் விலை பேசி வாங்குவான். பெண்டாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பாள். அவன் தள்ளி நின்று சிகரெட் பிடிப்பான். காலம் காலமாக அப்படித்தான்.

இவள் கடையில் அப்படி நடக்காது. ஒரு ஜோடி வந்து நின்றால் அந்தப் பெண்ணை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். நேரே ஆணைப் பார்த்து, "ஒமக்கு என்ன வயசு ஆவுது?" என்பாள்.

"பழம் அவளுக்குத்தாம்மா."

"அது எனக்குத் தெரியும். ஒம்ம வயசைச் சொல்லும்."

முப்பத்தெட்டு என்றால் முகத்தைச் சுளித்து, "அப்ப நாப்பத்துமூணு" என்பாள். ஐந்தைக் கூட்டாமல் எந்த ஆணின் வயதையும் அவள் எடுத்துக்கொண்டதில்லை. சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு துணி வியாபாரி, நல்ல சென்ட் வாசனையோடு நின்றவர், "நான் என்ன பாஸ்போர்ட் ஆபீசுக்கா வந்திருக்கேன்?" என்று கேட்டார். "அங்கன சொன்ன வயசையே இங்கனயும் சொல்லும்" என்றாள். அவருடைய மனைவி புர்காவுக்குள் குலுங்கிச் சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் முதல் சுளையை அவரைத் தின்ன வைத்துத்தான் பழத்தைக் கொடுத்தாள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவள் கடைக்கு எதிரே பாறை ஓரத்தில்தான் நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் பிடித்த எண்ணெய்க் கிண்ணம். குளிக்க வருகிறவர்களைக் குப்புறப் படுக்கப் போட்டு, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நல்லெண்ணெயைத் தேய்த்து உருவிவிடுகிற வேலை. எழுத்துத்தான் தெரியாதே தவிர, முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். கையை வைத்தால் இவனுக்கு இத்தனை வயது என்று சொல்லிவிடுவேன். தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் தோல் நழுவுகிற விதம் இருக்கிறது. தலைக்கு மை அடிக்கலாம், முதுகுக்கு என்ன அடிப்பான்?

இது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாராவது பழம் வாங்க வந்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போடுவாள். "அண்ணாச்சி, காலைல ஒம்மகிட்ட எண்ணெ தேச்சாரே இந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரு, முதுகு என்ன சொல்லுது?"

"ஐம்பதுக்கு ஒண்ணு ரெண்டு குறையும்" என்பேன்.

"கேட்டீரா? நாப்பத்திரெண்டுன்னு என்கிட்ட அளக்கீரு."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படி எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். எதற்கு இவள் ஆம்பிளை வயதைத் துருவுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளையில்லை என்று துரத்தப்பட்டு, பிறகு இன்னொருவனைக் கட்டி இரண்டு பெற்றாள் என்று செங்கோட்டை ஆள் ஒருவன் சொன்னான். அவன் பொய்க்காரன். உண்மையாக இருந்தால் அவள் துருவுவதில் நியாயம் உண்டு. பொய்யாக இருந்தால் அவளுக்கு வேறு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று அக்கா தங்கைகள். அவர்களைக் கரையேற்றி முடிக்கும்போது எனக்கு நாற்பத்திநாலு. திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கட்டினேன். அவளுக்கு இருபத்தைந்து. கரிசல்காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்த பெண், பத்தாவது வரை படித்தவள். இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், அருவிச் சத்தம் காதில் விழுகிறது, தூக்கம் வரவில்லை என்றாள். அவ்வளவு தூரத்துக்கு அருவிச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நான்கு வருஷம் ஓடியது. ஒன்றும் உண்டாகவில்லை. ஆய்க்குடியில் கட்டிக்கொடுத்த என் பெரிய அக்கா வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"ஏலே, இன்னும் எத்தனை வருசம்லே பாத்துக்கிட்டு இருப்ப? பெறாத மாட்டுக்குத் தீவனம் போடுத மாதிரி. ஐப்பசிக்குள்ள ஒண்ணும் தெரியலைன்னா அவளை ஊருக்கு அனுப்பிரு. நான் வேற பாக்கேன்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோகும். எனக்கும் கேட்கும், அக்காவுக்கும் கேட்கும்.

சரி, கடைசியாகத் துரியன் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஆனால் துரியன்காரி வயது கேட்பாளே. தென்காசிக்குப் போய்த் தலைக்கும் மீசைக்கும் கன்னங்கரேலென்று மை அடித்துக்கொண்டேன். புதுச் சட்டை. நான் வருவதை அவள் பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்துக் காம்பை முகர்ந்தாள். "உள்ள இருட்டா இருக்கு. வெளிய நின்னு வெளிச்சத்துல பாரும்" என்று என் கையில் கொடுத்தாள். தார்ப்பாய்க்கு வெளியே சாரல். நானும் மடையன் மாதிரி நின்று பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவள் சாதிக்காய் பொறுக்கிக்கொண்டு சும்மா இருக்கிறாள். கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "வயசு?" என்றாள்.

"நாப்பது."

"அண்ணாச்சி, காதுக்குப் பின்னால தொட்டுப் பாரும். வயசு ஒழுகுது."

தொட்டேன். விரலெல்லாம் கறுப்பு. வெள்ளைச் சட்டையின் காலரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். ஊரான் முதுகையெல்லாம் நான் விற்றேனே, அன்றைக்கு என்னை அவள் விற்றாள்.

அதோடு விடவில்லை. கடைக்குப் பின்னால் கூப்பிட்டுப்போனாள். பெயிண்ட் டப்பாக்களில் மண் போட்டு வரிசையாக வைத்திருந்தாள். இரண்டு துரியன் கொட்டைகளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு முந்தாநா எடுத்தது. ஒண்ணு எடுத்துப் பதினஞ்சு நாளாச்சு. எது எதுன்னு சொல்லும்."

எனக்குத் தெரியவில்லை. இரண்டும் பார்க்க ஒன்றுதான்.

"மண்ணுல போட்டாத்தான் தெரியும். இந்த டப்பால மொளைச்சிருக்கு, அந்த டப்பால ஒண்ணுமில்ல. மண்ணு ஒரே மண்ணு. மனசிலாச்சா?" என்றாள். "பழம் தரமாட்டேன். நீரு போயி மொதல்ல ஒம்மைச் சோதிச்சுப் பாத்துட்டு வாரும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் போனேன். யாருக்கும் தெரியாமல், தென்காசியில் ஒரு லேபில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பேப்பர் வாங்கினேன். லேப்காரர் படித்துச் சொன்னார். "விந்தணு எண்ணிக்கை நல்லா இருக்கு அண்ணாச்சி, ஓட்டமும் சரியா இருக்கு." கீழே நீலத்தில் வட்ட முத்திரை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதைப் பிளாஸ்டிக் ஒட்டி லேமினேஷன் போட்டேன். சிரிக்காதீர்கள். ரேஷன் கார்டுக்குப் போடாதவன் அதற்குப் போட்டேன்.

துரியன்காரி முன்னால் அதை நீட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சாக்கு நெறைய கொட்டை இருக்குன்னு எழுதித் தந்திருக்கான். மொளைக்கும்னு எங்க எழுதியிருக்கான்?"

"ஒனக்கு என்னத்தா வேணும்?" என்று கத்திவிட்டேன். "ஆம்பளைக்கு ஏது வயசு?"

"கேட்டீரா, இதைத்தான் ஒவ்வொருத்தனும் சொல்லுதான்" என்றாள்.

அப்போதே எனக்குச் சந்தேகம் விழுந்தது. இவ்வளவு ஏன் மெனக்கெடுகிறாள்? ஒரு பழத்தை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே? இரண்டு நாள் கழித்து, என்னோடு எண்ணெய் தேய்க்கிறவன் ஒருத்தன் சொன்னான்: "வே, ஒம்ம வீட்டம்மா துரியன்காரிகூட தென்காசி பஸ்ல போனாவளே, ஒடம்பு சரியில்லையா?"

அன்றையிலிருந்து அவளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வியாழக்கிழமை அவள் மறுபடி கிளம்பியபோது நானும் பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரித் தெருமுனையில் இரண்டு பேரும் இறங்கினார்கள். துரியன்காரி என் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கூடப் பிறந்தவளைப் போல. எத்தனை நாளாக இது? என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்? அன்றைக்குச் சாரலில் நிறுத்தியதுகூட இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்ததோ? டீக்கடை மறைவில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஏட்டி, எங்க போன?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து வைத்தாள். "எனக்கும் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு. கொறை ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கு. நான் வாசிக்கேன், கேளுங்க." வாசித்தாள். பிறகு மெதுவாக, "ஒங்களுக்கும் சரி, எனக்கும் சரி. வயசு ஒரு காரணமா இருக்கலாம்னு அந்த அக்கா சொல்லுதாவ. ரெண்டு பேருமாப் பெரிய டாக்டரைப் பாப்போமா?" என்றாள்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கீழே இருந்த வட்ட முத்திரையை அடையாளம் தெரிந்தது. என் பேப்பரில் இருந்த அதே நீல முத்திரை. கள்ளப் பேப்பர் இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "துரியன்காரி வாங்கித் தந்த பேப்பரை எவன்டீ நம்புவான்" என்று சொல்லி, நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஐப்பசியில் திருவேங்கடத்திலிருந்து அவளுடைய அண்ணன் வந்தான். அக்காவும் வந்தாள். நான் எடுத்துக் கொடுத்த என் லேமினேஷன் பேப்பரை அக்கா அவன் முன்னால் போட்டாள்.

"ஆம்பளைக்குக் கொறையில்லைன்னு சீல் போட்டுத் தந்திருக்கு. பொறவு கொறை யாருக்கு? நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் பேப்பர் இருந்துச்சுண்ணே. எனக்கும் சரின்னுதான் போட்டிருந்துச்சு" என்றாள் அவள்.

"எங்கம்மா அந்தப் பேப்பர்?" என்றான் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. சும்மா பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என்ன படம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன். மயில் மேல் முருகன், வேலுக்கு ஜிகினா ஒட்டியிருந்தது. அண்ணன் எழுந்து, "பெட்டியை எடு, போவோம்" என்றான். அவன் குரலைக் கேட்டபோதே தெரிந்தது, தங்கச்சி பொய் சொல்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

அவள் போன மூன்றாம் நாள் துரியன்காரி என் பாறைக்கு வந்தாள். சீசன் முடிந்து கூட்டமில்லை. கையில் கடைசிப் பழம் ஒன்று.

"கிழிச்சீராமே" என்றாள்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாரும். ஒமக்குத் தரமாட்டேன்னுதானே சொன்னேன், இப்பம் தாரேன். நீரே தின்னும்." பாறையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் அதைத் தொடவில்லை. மந்திரித்திருப்பாளோ, விஷம் வைத்திருப்பாளோ என்று பயம். குரங்குகள் வந்து இழுத்துக்கொண்டுபோய் உடைத்துத் தின்றன. சாகிறதா பார்ப்போம் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சாகவில்லை. கொட்டையைத் துப்பிவிட்டு ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த சீசனில் நீலத் தார்ப்பாய் இல்லை. ரயில் நின்றதால் வரவில்லை என்றார்கள். கொட்டாரக்கரையில் மகளோடு இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். எனக்கு அக்கா பார்த்த இரண்டாவது பெண்ணும் அமையவில்லை. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? அப்போதுகூட என் வயதைக் கேட்டவர்களிடம் ஐந்து குறைத்துத்தான் சொன்னேன்.

இப்போது எதற்கு இதையெல்லாம் கிளறுகிறேன் என்றால், என் பெரிய அக்காவின் மகன்தான் காரணம். துபாயில் ஏசி வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தொன்றில் கல்யாணம் செய்து, இப்போது நாற்பத்தைந்து. பெண்டாட்டிக்கு முப்பது. நான்கு வருஷமாக ஒன்றுமில்லை. போன மாதம் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொன்னான். நான் டிரங்குப் பெட்டியிலிருந்து என் லேமினேஷன் பேப்பரை எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். அவனைப் பார்த்து முடித்ததும் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். சின்ன வயதுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பெரியவரே, இது எண்ணிக்கை. எத்தனை இருக்கு, எத்தனை ஓடுதுன்னு மட்டும்தான் இதுல இருக்கு. உள்ளே என்ன நிலைமைன்னு இது சொல்லாது."

"உள்ள என்னம்மா இருக்கு?"

அவர் பேப்பரை மேஜையில் வைத்தார். "வில்லுப்பாட்டு கேட்டிருக்கீங்களா?"

"எங்க அப்பா வில்லுக்குக் குடம் அடிச்சவரும்மா."

"அப்போ பாட்டு நோட்டு பார்த்திருப்பீங்க. பாட்டு அதேதான். ஆனா ஓரத்துல குறி போட்டிருப்பாங்கல்லா, இதைப் பாடு, இதை விட்டுருன்னு. விதைக்குள்ளயும் அப்படிக் குறி இருக்கு. கரு உண்டாகும்போது எதைத் திறக்கணும், எதை மூடி வைக்கணும்னு அது சொல்லும். ஆம்பளை உடம்பு அந்த நோட்டைத் தினமும் புதுசு புதுசா நகல் எடுத்துக்கிட்டே இருக்கு. வயசு ஏற ஏற அந்தக் குறி இடம் மாறுது. சிலது அழியுது, சிலது வேண்டாத இடத்துல விழுது. நோட்டை எண்ணிப் பார்த்தா அத்தனையும் இருக்கும்."

"அப்ப பழைய கொட்டை மொளைக்காதுன்னு ஒருத்தி சொன்னா. அது சரிதானா?"

"பாதி சரி. கொட்டை புதுசுதான். மரத்துக்கு வயசாகுது." அவர் சிரிக்கவில்லை. "கரு நிக்க நாளாகலாம். சில நேரம் நின்னும் தங்காமப் போகலாம். ஆனா அம்பதுல பிள்ளை பெத்தவங்களும் இருக்காங்க. ஒருத்தரைக் காட்டி இதனாலதான்னு சொல்ல முடியாது. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"என் விஷயத்துல அதுதான் காரணமாம்மா?"

"அது எனக்குத் தெரியாது, பெரியவரே. உங்க மனைவிதான் காரணம்னு இந்தப் பேப்பர் சொல்லலை. அது மட்டும் தெரியும்."

மருமகனிடம் சிகரெட்டை விடச் சொன்னார், நாள் கடத்தாமல் இரண்டு பேருமாக வரச் சொன்னார். ஆய்க்குடி வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள். "அவனுக்கு எண்ணிக்கை சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்கல்லா? பொறவு கொறை யாருக்கு?"

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. அந்தச் சத்தம் நிற்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, அவ பேப்பரைக் கிழிச்சது நான். அதுலயும் சரின்னுதான் இருந்துச்சு" என்றேன்.

"அதை ஏன்லே இப்பம் பேசுத? செத்துப்போன கதையை."

"சாகலை. திருவேங்கடத்துல இருக்கா."

மருமகன் எழுந்து உள்ளே போனான். அவன் பெண்டாட்டியிடம் என்ன சொன்னானோ, கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மிக்ஸி மறுபடி ஓடியது. அக்கா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

துரியன்காரியை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. கொய்யாப்பழத்தை மேலே பரப்பிக் கண்டக்டரை ஏமாற்றினவள்தானே. ஆனால் அவளைச் சந்தேகப்பட்ட அளவுக்கு என்னை ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாராவது சங்கரன்கோவில் தாண்டித் திருவேங்கடம் பக்கம் போகிறவர்கள் இருப்பீர்கள். அவள் அங்கே அண்ணன் வீட்டில், தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறாளாம். மறுபடி அவளை யாரும் கட்டவில்லை. மலடி என்று சொல்லியிருப்பார்கள். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியும். அவள் அண்ணனிடம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும், அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிற பெண்களிடமும் சொல்லுங்கள். அவளுக்கும் ஒரு பேப்பர் இருந்தது, அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது, அதைக் கிழித்து அடுப்பில் போட்டவன் இலஞ்சியில் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லுங்கள். என் வயதைக் கேட்டால் அறுபத்துநாலு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.